பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு எந்த லென்ஸ்?

“இது நம்ம காம்பரா மாதிரியே இல்லையே தம்பி, யாரு வீட்ல எடுத்தீங்க?”

பூனாகலையில் ஒரு லயத்தில் வசிக்கும் அக்கா ஒருவர், நான் கொண்டுபோய்க் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. படத்திலிருந்தது அவருடைய அறைதான். அவருடைய கட்டில், அவருடைய சாமிப்படம், மூலையில் அடுக்கியிருந்த அவருடைய பாத்திரங்கள். 21 மி.மீ. லென்ஸால் எடுத்திருந்தேன். ஆறு பேர் உறங்கும் அந்த அறை, படத்தில் ஒரு சிறிய மண்டபம் போலத் தெரிந்தது. அதே படம் ஒரு கட்டுரையோடு வெளியானபோது, வெளிநாட்டிலிருக்கும் என் உறவினர் ஒருவர் “பரவாயில்லையே, நல்ல இடவசதியாத்தானே கிடக்கு” என்று எழுதியிருந்தார். இடமில்லை என்பதைக் காட்டப் போய், இடமிருக்கிறது என்று காட்டிவிட்டு வந்திருந்தேன்.

இடம் என்பது இங்கே சாதாரண விடயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2023 மார்ச் 19ஆம் திகதி பூனாகலை கபரகலை தோட்டத்தில் மீண்டும் மலை சரிந்தது. ஒவ்வொரு முறையும் கெமராக்கள் வருகின்றன, படங்கள் போகின்றன, அவற்றை வைத்துத்தான் வெளியிலிருப்பவர்கள் வீட்டுப் பிரச்சினையை அளக்கிறார்கள். ஆகவே எந்த லென்ஸை வாங்குவது என்று என்னிடம் கேட்கும் இளம் ஊடகவியலாளர்களுக்காகவும், தங்கள் குடும்பத்தின் வாழ்க்கையைத் தாங்களே பதிந்து வைக்க விரும்புபவர்களுக்காகவும், நான் பிழைவிட்டுக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

நான் பாவிப்பது ரேஞ்ச்பைண்டர் கெமரா. லென்ஸுக்கூடாகப் பார்க்காமல், மேலேயுள்ள சிறு ஜன்னலுக்கூடாகப் பார்க்கும் வகை. ஜன்னலின் நடுவே இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகப் பொருந்தும்போது குவியம் சரி. உள்ளே எழும்பி விழும் கண்ணாடி இல்லாததால் சத்தம் குறைவு. அறைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் எழும்பாது. அதே காரணத்தால் அகலக்கோண லென்ஸ்களின் பின்பகுதியை பிலிமுக்கு மிக அருகில் கொண்டுவரலாம். முன்னும் பின்னும் ஏறக்குறைய சமச்சீராக வடிவமைக்கலாம். நேர்கோடு நேர்கோடாகவே விழும். ஒரே கூரையின் கீழ் நீண்டு போகும் லயத்தின் தகர விளிம்பு படத்தில் வில்லாக வளையாது.

இனி அறைக்குள் வருவோம். பழைய லயன் அறை பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் கெமரா சுவரிலிருந்து ஓரடி முன்னால்தான் இருக்கும். அதாவது எதிர்ச்சுவர் ஒன்பதடி தூரத்தில். 35 மி.மீ. பிலிமின் சட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். 36ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் பிரித்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்பது தெரிந்துவிடும். ஒன்பதடியில் 35 மி.மீ. லென்ஸ் ஒன்பதேகால் அடியைப் பிடிக்கும். பன்னிரண்டடிச் சுவரில் ஒரு பகுதி வெட்டுப்படும். 28 மி.மீ. பதினொன்றரை அடியைப் பிடிக்கும்; கிட்டத்தட்ட முழுச்சுவரும் வந்துவிடும். 21 மி.மீ. பதினைந்தடிக்கு மேல் பிடிக்கும். இரண்டு பக்கச் சுவர்களும் உங்களை நோக்கி ஓடி வரும்.

அந்த ஓடி வருதல்தான் அறையைப் பெருப்பித்துக் காட்டுகிறது. லென்ஸ் பொய் சொல்வதில்லை; நாம் படத்தைப் பார்க்கும் தூரம்தான் பிழை. கைத்தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்தால் படத்தின் அகலம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். 21 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தை அந்த அளவில் 9 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண் அங்கே நின்று பார்த்தது போலிருக்கும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு முழ தூரத்தில் பார்க்கிறோம். ஆகவே எதிர்ச்சுவர் தொலைவாகவும் தரை நீளமாகவும் தோன்றுகின்றன. விடுதிக்காரர்கள் தங்கள் அறைகளை விளம்பரப்படுத்த இதைத்தான் செய்கிறார்கள். ஒடுக்கமான வாழ்க்கையைச் சொல்லப் போகிறவரும் அதே லென்ஸை எடுத்துச் செல்வது விசித்திரம்தான். நானும் செய்தேன்.

இன்னொரு சிக்கல் முகங்கள். அகலக்கோணப் படத்தின் ஓரத்தில் நிற்பவரின் தலை பக்கவாட்டில் இழுபடும். 35 மி.மீ. லென்ஸின் ஓரத்தில் இந்த இழுவை எட்டில் ஒரு பங்கு. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 28இல் ஐந்தில் ஒரு பங்கு. 21இல் மூன்றில் ஒரு பங்கு. ஆறு பேர் இருக்கும் அறையில் யாராவது ஒருவர் ஓரத்துக்குப் போகத்தான் போகிறார். அனேகமாக அது கதவோரம் ஒதுங்கி நிற்கும் வயதான அம்மாவாக இருக்கும். அவருடைய ஒரே படம் அதுவாக இருந்துவிடவும் கூடும். 28ஐப் பாவிக்கும்போது ஓரங்களில் ஆட்களை விடாமல் கட்டில், கதவு, சுவர் என்று பொருட்களை விடுங்கள். 21இல் அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வெளிச்சம் மூன்றாவது. பூனாகலையில் பனிமூட்டம் இறங்கினால் நண்பகலிலும் அறைக்குள் இருட்டு. ஒரு கதவு, ஒரு சிறு ஜன்னல். அப்படிப்பட்ட நேரத்தில் ஐ.எஸ்.ஓ. 400 பிலிமில் எஃப் 2.8 துளையில் 1/15 செக்கன் தேவைப்படும். எஃப் 4 லென்ஸ் என்றால் 1/8. ரேஞ்ச்பைண்டரில் 1/15ஐ மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் எடுத்துவிடலாம். 1/8இல் எனக்குப் பாதிப் படங்கள் அசைந்துவிடுகின்றன. அதனால் எஃப் 2 அல்லது 2.8 லென்ஸுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் நியாயமுண்டு. வொய்க்லேண்டர் அல்ட்ரோன் 28 எஃப் 2, சைஸ் பையோகன் 28 எஃப் 2.8 இரண்டும் லைக்கா விலையில்லாத நல்ல லென்ஸ்கள். பிளாஷ் வேண்டாம். மண்சரிவுக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம் அடித்துப் படமெடுத்தவர்களை இங்குள்ளவர்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

ஆழத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 28ஐ எஃப் 4இல் வைத்து இரண்டு மீற்றரில் குவித்தால், ஒன்றரை மீற்றரிலிருந்து ஏறக்குறைய மூன்று மீற்றர் வரை தெளிவாக இருக்கும். அதாவது லயன் அறையில் ஆட்கள் இருக்கக்கூடிய இடமெல்லாம். கண்ணில் கெமராவை வைத்துத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் கெமராவின் ஜன்னலைப் பாருங்கள். அதில் எந்த லென்ஸுக்கான கோட்டுச் சட்டம் இருக்கிறதோ, அந்த லென்ஸோடுதான் நிம்மதியாக வேலை செய்யலாம். லைக்கா எம்3இல் 50க்குக் கீழே ஒன்றுமில்லை. எம்2இல் 35 உண்டு. எம்6இல் 28 உண்டு. ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அந்தக் கோட்டின் ஓரம் தெரியாது. 2006இல் வந்த வொய்க்லேண்டர் பெஸ்ஸா ஆர்4 வகைகளில் 21 வரை உள்ளேயே இருக்கிறது. மற்றவற்றில் 21க்குக் கெமராவின் தலையில் தனி வியூபைண்டர் பூட்ட வேண்டும். ஒரு ஜன்னலில் குவித்து, இன்னொன்றில் சட்டம் பார்ப்பதற்குள் பிள்ளையின் சிரிப்பு போய்விடும்.

கையில் காசு குறைவென்றால் சோவியத் காலத்து ஜுபிட்டர்-12 இருக்கிறது, 35 மி.மீ., எஃப் 2.8. அதன் பின்கண்ணாடி கெமராவுக்குள் ஆழமாக நீண்டிருப்பதால் சில உடல்களில் உள்ளே இடிக்கும். பூட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஃபெட், சோர்க்கி கெமராக்களில் பூட்டினால் 35க்கும் தனி வியூபைண்டர் தேவை. இந்தத் திருகு வகை லென்ஸ்களை ஒரு மெல்லிய வளையத்தோடு லைக்கா எம் உடல்களிலும் பூட்டலாம், ஏனெனில் எம் உடலில் பிலிமுக்கான தூரம் 27.8 மி.மீ., திருகு உடலில் 28.8 மி.மீ.; அந்த ஒரு மில்லிமீற்றரை வளையம் நிரப்பிவிடும். மறுபக்கமாக, எம் லென்ஸைத் திருகு உடலில் பூட்ட முடியாது. டிஜிட்டல் உடல் வைத்திருப்பவர்கள் பழைய அகலக்கோண லென்ஸ்களில் ஓரங்கள் இளஞ்சிவப்பாக மாறுவதையும் எதிர்பார்க்க வேண்டும்.

21 கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செக் நாட்டவரான ஜோசப் கூடெல்கா 1960களில் ரோமா மக்களின் ஒடுங்கிய அறைகளை எடுத்தது 25 மி.மீ. லென்ஸால்தான் (அவருடையது எக்ஸக்டா, ரேஞ்ச்பைண்டர் அல்ல). அவர் அந்த மக்களோடு ஆண்டுக்கணக்காகப் பழகியவர். ஆட்கள் சட்டத்தை நிறைத்து நிற்பார்கள், வெறுந்தரை தெரியாது. அதுதான் சூட்சுமம் என்று நினைக்கிறேன். அகலமான லென்ஸில் வெறும் இடத்தை விட்டால் அது பெருகும். ஆட்களால் நிரப்பினால் நெருக்கம் தெரியும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் சேலைகளால் மறைப்புக் கட்டித் தங்கியிருந்ததை நான் எடுத்தபோது 21 சரியாகப் பொருந்தியது. ஒரே கூரையின் கீழ் எத்தனை மறைப்புகள் என்பதுதான் அங்கே செய்தி. 35 அதைக் காட்டியிருக்காது.

எதைப் பாவித்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். அளவு தெரிந்த ஏதாவதொன்றைச் சட்டத்துக்குள் விடுங்கள்: கதவு, ஒற்றைக் கட்டில், அரிசி மூடை. அடிக்கோலால் அறையை அளந்து, படத்தின் கீழே நீளம், அகலம், உறங்குபவர் எண்ணிக்கை, லென்ஸ் எல்லாவற்றையும் எழுதுங்கள். படம் ஏமாற்றினாலும் இலக்கம் ஏமாற்றாது. ஒரேயொரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் 28. இரண்டு என்றால் அதோடு 35. 21ஐ இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த அக்காவின் அறையை மறுபடியும் 28இல் எடுத்தேன். அவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு வேறொன்று கேட்டார். அவருடைய பெரியப்பா குடும்பம் 1983 வன்செயலுக்குப் பிறகு இங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள். அவர்களிடமிருந்த ஊர்ப் படங்கள் 2009இல் பெட்டியோடு போய்விட்டன. “எங்க எல்லாரையும் சேத்து ஒன்னு எடுத்துக் குடுங்க தம்பி, அவங்களுக்கு அனுப்பணும்” என்றார்.

இஸ்தோப்பில் வரிசையாக உட்கார வைத்து, ஏழடி தள்ளி நின்று, 35இல், எஃப் 5.6இல் எடுத்தேன். கடைசிப் பையன் மட்டும் கொஞ்சம் அசைந்துவிட்டான்.