மையச் செயலக மிகைவெப்பம்

மையச் செயலக மிகைவெப்பம் என்பது கணினியின் மையச் செயலகம் தன் பாதுகாப்பான வெப்பநிலை எல்லையைத் தாண்டிச் சூடாவதாகும். வீட்டிலேயே பாகங்களைப் பொருத்தி உருவாக்கிய மேசைக்கணினிகளில் இது பெரும்பாலும் செயலகத்தின் குறையன்று. அதன்மீது அமரும் வெப்ப உறிஞ்சி சரியாகத் தொடாமையே காரணம். வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளுக்கிடையேயும் நுண்ணிய காற்றிடைவெளிகள் உண்டு. காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால், அவற்றை நிரப்ப வெப்பப் பசை பூசப்படுகிறது.

காரணம் கண்டறிதல்

பளு ஏற்றிய சில நொடிகளிலேயே வெப்பநிலை 90 பாகை செல்சியசைக் கடந்தால் தொடுகைக் குறைபாட்டை முதலில் ஐயுற வேண்டும். உறிஞ்சியின் அடியிலுள்ள காப்புத்தாளை உரிக்காமலே பொருத்திவிடுவது வியப்பூட்டுமளவு பொதுவான தவறாகும். இன்டெலின் எல்ஜிஏ 775 (2004) போன்றவற்றுக்கான உறிஞ்சிகளில், நான்கு அழுத்தூசிகளுள் ஒன்று பூட்டாமல் நிற்பதும் உண்டு. கழற்றி மாட்டும்போது பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும்.

மாறாக, வெப்பநிலை பல நிமிடங்களில் மெல்ல ஏறினால் தூசி, விசிறி, காற்றோட்டம் ஆகியவற்றைச் சோதிக்கலாம். பெட்டியின் பக்கமூடியைத் திறந்ததும் வெப்பநிலை இறங்கினால் காற்றோட்டமே குறை.

உயர்ந்த அளவீடு எப்போதும் பழுதன்று. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் (2022) சில செயலகங்கள் முழுப்பளுவில் 95 பாகை வரை இயங்குமாறே வடிவமைக்கப்பட்டவை.

பாதுகாப்பு

2000-ஆம் ஆண்டில் வெளியான பென்டியம் 4 சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அதே ஆண்டின் அத்லான் தண்டர்பேர்டுக்கு இவ்வசதி இல்லை. உறிஞ்சி கழன்றால் அது நொடிகளில் கருகிவிடும்.