கோட்டுக்கு முன் கைவிட்ட பந்து

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் ஆட்டத்திற் காலுக்கு வேலை குறைவு. கைக்கே வேலை அதிகம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி, மறித்து நிற்போரை விலக்கி, எதிர்க்கோஷ்டியார் காக்கும் கோல் கோட்டைக் கடப்பதே அதன் சாரம். கடந்தால் 6 புள்ளி. இவ்வளவு பாடுபட்டுப் பெறவேண்டிய புள்ளியை, எதிரிகள் அனைவரையும் பின்னே விட்டு ஓடிவந்த ஒருவர், கோட்டுக்கு ஒரு யார் தூரமிருக்கையில், எவரும் தட்டாமல் எவரும் தடுக்காமல், தாமாகவே பந்தைக் கீழே நழுவவிட்டு இழப்பாராயின் அதனை என்னென்பது? இப்படிச் செய்தவர் ஒருவர் இருவரல்லர். இளமைச் செருக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் பலர். ஆயினும் இத்தவறுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தபின் தீர்ப்புக் கூறுவதே முறையாகும்.

கோட்டைக் கடந்து பெறும் இப்புள்ளிக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'ரச்டவுன்' என்பது. நிலத்தைத் தொடச் செய்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். இவ்வாட்டம் றகர் ஆட்டத்தின் வழித்தோன்றல். கொழும்பிலோ கண்டியிலோ றகர் பார்த்தோர் அறிவர்: கோட்டைக் கடந்தால் மட்டும் போதாது, பந்தைக் கையால் நிலத்தில் அழுத்தினாலன்றிப் புள்ளியில்லை. அமெரிக்கரும் தொடக்கத்தில் அவ்வாறே ஆடினர். 1889 ஆம் ஆண்டில் அவ்விதியை நீக்கினர். பந்தைப் பற்றியபடி கோட்டைக் கடந்தாலே போதுமென்றாயிற்று. 1912 இல் அதன் மதிப்பு 6 புள்ளியாக உயர்ந்தது. தொடுதல் போய்விட்டது, பெயர் மட்டும் எஞ்சியது.

இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். என் எண்ணத்தில், பின்னர் நேர்ந்த அவமானங்களுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது. குனிந்து பந்தை நிலத்தில் வைக்கவேண்டிய கடமை இருக்கும்வரை, கோட்டுக்கு முன் கைவிட எவருக்கும் தோன்றாது. அக்கடமை நீங்கியதும் ஓடிக் கடந்தவரின் கையிலே பயனற்ற ஒரு பந்து எஞ்சி நின்றது. அதனை என்ன செய்வது?

சிலர் அதனைப் பார்வையாளர் கூட்டத்துள் எறிந்தனர். தொழில்முறைச் சங்கத்தின் ஆணையாளர் அதற்குத் தண்டம் விதித்தார். 1965 இல் நியூயோர்க் கோஷ்டியின் ஹோமர் ஜோன்ஸ் என்பவர், பந்தை எறிய நினைத்தவர், தண்டத்தை எண்ணிக் கையை அடக்கி, அதனை ஓங்கி நிலத்திலே அறைந்தார். கூட்டம் ஆரவாரித்தது. அன்றுதொட்டு அறைவதும் ஆடுவதும் வழக்கமாயின. காலப்போக்கில், அறைவதுகூட மிகையென்று கருதியவர்போல, இதெல்லாம் எனக்குப் பொருட்டா என்ற பாவனையிற் பந்தை விரல்களினின்று நழுவவிட்டு நடக்கும் நாகரிகம் பிறந்தது. கோட்டுக்கு அப்பால் நழுவினால் அது அழகு. ஓரடி முன்னே நழுவினாலோ ஆட்டத்தில் உயிருள்ள பந்து, எவரும் எடுக்கலாம். அது உருண்டு கோட்டைக் கடந்து எல்லைக்கு வெளியே போய்விட்டால், எதிர்க்கோஷ்டிக்கே பந்து உரியதாகும். அதுவும் அவர்களின் 20 யார்க் கோட்டில்.

1993 ஜனவரி 31 இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் நடந்த இறுதியாட்டத்தில், டலஸ் கோஷ்டி 52க்கு 17 என்று பஃபலோவை முந்தி நின்றது. டலஸ் கோஷ்டியின் லியோன் லெற், மிகப் பருத்த தேகி, தவறி விழுந்த பந்தை எடுத்து 60 யாருக்கு மேல் ஓடினார். கோட்டை நெருங்கியதும் வேகத்தைத் தளர்த்திப் பந்தை ஒரு கையிற் பக்கவாட்டில் நீட்டினார். பின்னே ஒருவர் வருவதை அவர் காணவில்லை. பஃபலோவின் டொன் பீபி, தோல்வி உறுதியென்று யாவரும் அறிந்த அவ்வேளையிலும், மைதானத்தின் நீளமெல்லாம் துரத்திவந்து பந்தைத் தட்டிவிட்டார். டலஸ் இழந்த புள்ளி சிறிதல்ல. அது கிடைத்திருந்தால், இறுதியாட்டங்களில் அதுவரை எவரும் பெறாத மொத்தம் அவர்களுடையதாயிருக்கும். லெற் பந்தைத் தாமாக விடவில்லை என்பது உண்மை. ஆயினும் இவ்வகைத் தவறுக்கெல்லாம் மூத்த உதாரணமாக அவரையே காட்டுவர். எனக்கோ அக்காட்சியில் லெற்றைவிடப் பீபியே பெரிதாகத் தெரிகிறார்.

உண்மையிலே தாமாகக் கைவிட்டவர் டெஷோன் ஜாக்சன். 2008 செப்டெம்பர் 15 இரவு, பிலடெல்பியாவுக்காகத் தமது இரண்டாம் தொழில்முறை ஆட்டத்தை ஆடினார். 60 யாருக்கு மேற்பட்ட நெடும் எறிதலைப் பிடித்து ஓடி, கோட்டுக்குச் சற்று முன்னே பந்தைப் பின்புறமாக நழுவவிட்டுக் களிநடனம் புரிந்தார். மத்தியஸ்தர்கூடப் புள்ளியென்றே கை உயர்த்தினார். படப்பதிவைப் பார்த்தபின்னரே குட்டு வெளிப்பட்டது. எதிரிகளும் ஏமாந்து பந்தை எடுக்காததால் அது பிலடெல்பியாவுக்கே மீண்டது. அடுத்த ஆட்டத்திற் புள்ளியும் கிடைத்தது. 2005 இல் பாடசாலை மாணவராயிருந்தபோதே இவர் கோட்டுக்கு முன் குட்டிக்கரணம் போட்டுப் பந்தை ஓரியார் முன்னே விட்டவர். படிப்பினையும் ஒருமுறை போதுவதில்லை போலும்!

1999 முதல் தொழில்முறை ஆட்டங்களிற் படப்பதிவைக்கொண்டு தீர்ப்பை மீளாய்வது நிலைபெற்றது. அதற்கு முன்னர் இவ்வாறு நழுவிய பந்துகள் எத்தனை புள்ளிகளாக எண்ணப்பட்டனவோ!

எதிரிகள் விழிப்பாயிருந்தால் என்ன நேரும் என்பதை 2014 நவம்பர் 8 காட்டிற்று. யூற்றா சர்வகலாசாலைக்கும் ஒறிகன் சர்வகலாசாலைக்கும் இடையே ஆட்டம். யூற்றா 7க்கு 0 என்று முன்னணியில் நின்றது. கேலின் கிளே என்னும் மாணவர் எறிபந்தைப் பிடித்து, தன்னந்தனியாக ஓடி, கோட்டுக்கு முன்னே அதனைக் கைவிட்டார். தோழர் சூழ்ந்து கொண்டாடினர். சொந்த மைதானம் அதிர்ந்தது. மத்தியஸ்தரோ ஊதுகுழலை ஊதவில்லை. ஒறிகன் வீரர் ஒருவர் பந்தை எடுக்கத் தடுமாற, மற்றவரான ஜோ வோக்கர் அதனைப் பற்றி மறுமுனை நோக்கி ஓடத் தொடங்கினார். ஒரு முனையிற் கொண்டாட்டம் நடக்க, மறுமுனைக்கு 100 யார் ஓட்டம்! 14க்கு 0 ஆகவேண்டியது 7க்கு 7 ஆயிற்று. முடிவில் ஒறிகன் 51க்கு 27 என்று வென்றது.

இத்தனை அறிந்தும் இது ஓயவில்லை. 2024 டிசெம்பர் 15 இல், இந்தியானாபொலிஸ் 13க்கு 7 என்று முன்னணியில் இருக்கையில், ஜொனதன் ரெயிலர் 41 யார் ஓடிப் பந்தைக் கைவிட்டார். டென்வர் 31க்கு 13 என்று வென்றது. ரெயிலர் அனுபவமற்ற இளைஞரல்லர். 2021 இல் சங்கத்திலேயே அதிக தூரம் பந்துடன் ஓடியவர். செருக்கு என்ற ஒரு சொல் எனக்கு நிறைவு தராமைக்கு இதுவே காரணம். கோடு எங்கே என்று கண் பார்ப்பதற்குள், பல்லாண்டுப் பழக்கத்தாற் கை தன் பாட்டில் திறந்துவிடுகிறது.

2025 ஒக்டோபர் 5 இல் அரிசோனாவின் எமாரி டிமர்காடோ 72 யார் ஓடினார். அப்போது அரிசோனா 21க்கு 6 என்று முன்னணியில் நின்றது. எதிர்த்த ரெனசி கோஷ்டி அந்தப் பருவத்தில் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. டிமர்காடோ கோட்டுக்கு ஒரு யாருக்குள்ளே பந்தைக் கைவிட்டார். பந்து எல்லைக்கு வெளியே சென்று ரெனசிக்கு உரியதாயிற்று. மைதான ஓரத்தில் அவர்மீது சீறிப் பாய்ந்த பயிற்சியாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். கோஷ்டி நிர்வாகம் அவருக்கு 100,000 டொலர் தண்டம் விதித்தது. ஆட்டமோ 22க்கு 21 என்று ரெனசிக்குப் போயிற்று.