நூற்றுக்குப் பூஜ்யம் வாங்கிய செனட்டர்

2008-ன் தொடக்கம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் சூடு பிடித்திருந்த நேரம். 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு, வழக்கம்போல முந்தைய ஆண்டுக்கான மதிப்பெண் பட்டியலை வெளியிட்டது. 2007-ல் செனட்டில் நடந்த வாக்கெடுப்புகளில் முக்கியமானவை என்று அவர்கள் பொறுக்கி எடுத்தவை 15. அதில் ஜான் மெக்கெய்ன் வாங்கிய மார்க், நூற்றுக்கு 0.

இதே மெக்கெய்ன்தான் 2003-ல் ஜோ லீபர்மனோடு சேர்ந்து, புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றை செனட்டில் வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுவந்தவர். 43-க்கு 55 என்று அது தோற்றது. குடியரசுக் கட்சியில் அப்படி முன்னால் வந்து நின்றவர்கள் அபூர்வம். அப்புறம் எப்படி பூஜ்யம்?

விடை ரொம்ப சிம்பிள். அந்த 15 வாக்கெடுப்பிலும் அவர் வாக்களிக்கவே இல்லை. அதிபர் வேட்பாளர் ஆவதற்கான ஓட்டத்தில் இருந்தார். வராதவருக்கும் எதிர்த்து வாக்களித்தவருக்கும் ஒரே மார்க் என்பது அந்த அமைப்பின் விதி.

இது நியாயமா? அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இந்த மார்க் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நமக்கு இது கொஞ்சம் அந்நியமான விஷயம். நம் நாடாளுமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அதனால் ஒரு எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று தனியாக ஆராய்வதில் பெரிதாகப் பயன் இல்லை. அமெரிக்காவில் அந்தச் சட்டம் கிடையாது. கட்சி ஒன்று சொல்லும், உறுப்பினர் வேறு மாதிரி வாக்களிப்பார். ஆகவே தனித்தனியாகக் கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கை ஆயுதமாக்கியதில் முன்னோடி 'ஆன்ட்டி சலூன் லீக்'. (நம்மூர் முடிவெட்டும் சலூன் இல்லை, அங்கே சலூன் என்றால் சாராயக்கடை.) 1893-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு அமைப்பு இது. இவர்களுடைய அணுகுமுறை விசித்திரமானது: நீ வீட்டில் குடிக்கிறாயா என்பது எங்களுக்கு முக்கியமில்லை, சபையில் எந்தப் பக்கம் வாக்களிக்கிறாய் என்பதுதான் முக்கியம். வாரன் ஹார்டிங் குடிப்பழக்கம் உள்ளவர். ஆனால் செனட்டராக இருந்தபோது மதுவிலக்குத் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அவர்களுக்கு அது போதும். மாறாக, ஒஹாயோ கவர்னர் மைரன் ஹெரிக் அவர்கள் கேட்ட மசோதாவை நீர்க்கச் செய்தார். 1905 தேர்தலில் அவருடைய கட்சிக்காரர்கள் மற்ற மாநிலப் பதவிகளுக்கு ஜெயித்தபோதும் அவர் மட்டும் தோற்றார். அரசியல்வாதிகளுக்குப் பாடம் புரிந்துவிட்டது.

ஆனால் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது பரவலானது பிறகுதான். 1947-ல் எலினார் ரூஸ்வெல்ட், ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி போன்றவர்கள் சேர்ந்து 'அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்' என்ற தாராளவாத அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டிலிருந்தே வாக்குப்பதிவுகளை வைத்து உறுப்பினர்களை மதிப்பிட ஆரம்பித்தார்கள். பின்னாளில் நிலைத்த முறை இது: ஆண்டுக்கு 20 வாக்கெடுப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 மார்க். எதிர்முகாமும் சும்மா இருக்கவில்லை. 1964-ல் தோன்றிய 'அமெரிக்கன் கன்சர்வேடிவ் யூனியன்' 1971 முதல் தன் பட்டியலைத் தர ஆரம்பித்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் 20-ல் 15 முறை ஆதரித்து, 5 முறை எதிர்க்கிறார். இன்னொருவர் 15 முறை ஆதரித்து, மீதி 5 நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் 75தான். பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு சிக்கல் இதைவிட அடிப்படையானது. மார்க் போட வேண்டுமென்றால் யார் எப்படி வாக்களித்தார் என்று முதலில் தெரிய வேண்டுமே! பிரதிநிதிகள் சபையில் அப்போதெல்லாம் மசோதாக்களுக்கான திருத்தங்கள் பெரும்பாலும் 'டெல்லர்' முறையில்தான் முடிவாயின. உறுப்பினர்கள் வரிசையாக நடந்து போவார்கள், தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை மட்டும் பதிவாகும், பெயர் பதிவாகாது. முக்கியமான முடிவுகள் பல இப்படி ஆள் அடையாளம் இல்லாமலே நடந்தன. 1970-ல் டிப் ஓ'நீல், சார்லஸ் கப்சர் என்ற இரண்டு உறுப்பினர்கள் (ஆளுக்கொரு கட்சி) கொண்டுவந்த திருத்தம் இதை மாற்றியது. 1971 முதல் டெல்லர் வாக்கெடுப்பிலும் பெயரைப் பதிவு செய்யக் கோரலாம் என்று ஆனது.

விளைவு உடனே தெரிந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத் திட்டத்துக்கு அரசுப் பணம் தருவதைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்துக்கொண்டிருந்தன. 1970-ல் பெயர் பதிவாகாத வாக்கெடுப்பில் திட்டம் தப்பித்தது. 1971 மார்ச்சில், பெயர் பதிவான வாக்கெடுப்பில், 217-க்கு 203 என்று பணம் வெட்டப்பட்டது. சில நாளில் செனட்டும் கைவிட்டது. பெயர் பதிவானது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் பார்க்கிறது என்று தெரிந்து வாக்களிப்பது வேறு விஷயம்தான்.

இதற்கு முந்தைய 1970 தேர்தலில்தான் 'என்விரான்மென்டல் ஆக்‌ஷன்' என்ற அமைப்பு 12 உறுப்பினர்களை 'டர்ட்டி டஜன்' என்று பட்டியலிட்டது. அதில் 7 பேர் தோற்றார்கள். நெடுஞ்சாலைத் திட்டங்களின் பெரிய புள்ளியும் பொதுப்பணிக் குழுவின் தலைவருமான ஜார்ஜ் ஃபாலன் அவர்களில் ஒருவர்.

சரி, பெயர் பதிவானால் மட்டும் உண்மை தெரிந்துவிடுமா? 1956-ல் நடந்த ஒரு கதை இருக்கிறது. பள்ளிக் கட்டடங்களுக்கு மத்திய அரசு பணம் தரும் மசோதா. நிறப் பிரிவினை பார்க்கும் பள்ளிகளுக்குப் பணம் கூடாது என்று ஆடம் கிளேட்டன் பவல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 225-க்கு 192 என்று திருத்தம் ஜெயித்தது. அடுத்து மசோதாவே 194-க்கு 224 என்று தோற்றது! திருத்தத்தை ஆதரித்தவர்களில் பலர், தென்மாநிலத்தவர்கள் மசோதாவை விட்டு ஓடட்டும் என்பதற்காகவே ஆதரித்தார்கள். திருத்தத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் இவர்களெல்லாம் சிவில் உரிமைக் காவலர்கள் ஆகிவிடுவார்கள்.

கேள்வித்தாளைத் தயாரிப்பதும் அந்த அமைப்பேதான். யார் நம்மாள், யார் எதிராளி என்று பிரித்துக் காட்டுகிற, இழுபறியான வாக்கெடுப்புகளையே பெரும்பாலும் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் மார்க்குகள் 0 பக்கமும் 100 பக்கமும் போய்க் குவியும். நடுவில் இருப்பவர்களும் தீவிரவாதிகளாகத் தெரிவார்கள். ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற ஆய்வாளர் 1992-ல் இதைக் கணக்காகவே காட்டினார். போதாக்குறைக்கு, 'இந்த வாக்கெடுப்புக்கு நாங்கள் மார்க் போடப்போகிறோம்' என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. அளக்கிற கோலே ஆட்டுகிற கோலாகவும் ஆகிவிட்டது.

இப்போது மெக்கெய்னுக்குத் திரும்புவோம். பாவம், வராததற்குப் பூஜ்யமா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2007 டிசம்பர் 13 அன்று நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பாருங்கள். எண்ணெய் நிறுவனங்களின் வரிச்சலுகையைக் குறைத்து, மாற்று எரிசக்திக்குத் தரும் ஏற்பாடு மசோதாவில் இருந்தது. விவாதத்தை முடித்து மசோதாவை நகர்த்த 60 வாக்கு வேண்டும். கிடைத்தது 59-க்கு 40. வராதவர் ஒரே ஒருவர். மெக்கெய்ன்.

அங்கே வராததும் எதிர்த்ததும் ஒன்றேதான். இன்னொரு நாள், இன்னொரு வாக்கெடுப்பில் அது ஒன்றாக இருக்காது. 0 என்கிற எண் இந்த இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. ஆகவே இப்படி ஒரு பட்டியல் கண்ணில் பட்டால், மார்க்கைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். அந்த 15 என்னென்ன, எது எத்தனை வாக்கில் தோற்றது என்றும் ஒரு நிமிஷம் பாருங்கள். அமைப்புகளே அந்த விவரத்தையும் சேர்த்துத்தான் வெளியிடுகின்றன. நாம்தான் படிப்பதில்லை.