நனைந்த துணியின் எடை: பாய்மரப் படகுப் பந்தயத்தில் உடைக்கு வரம்பு வந்த வரலாறு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, தண்ணீர் பட்டதும் அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மருத்துவப் பஞ்சுக்கு மருந்தியல் தரநூல்கள் இதை எண்ணிலேயே சொல்லிவைத்திருக்கின்றன. தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாள்முதல் நூற்பாலைகளோடு வளர்ந்த ஊருக்கும், கைத்தறிச் சேலை நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கும் பருத்தியின் இந்தத் தாகம் புதிய செய்தி அல்ல. கடலோரம் இல்லாத ஊர்களின் இந்தத் தொழிலறிவு கடலில் நடக்கும் ஒரு பந்தயத்தின் விதிநூலிலும் இடம் பிடித்திருக்கிறது. ‘டிங்கி’ எனப்படும் சிறு பாய்மரப் படகுகளின் பந்தயத்தில், வீரர் அணியும் உடையை நனைத்துத்தான் எடை போடுகிறார்கள்.

ஏன் எடை போட வேண்டும்? காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒருபக்கமாகச் சாய்கிறது. சாய்ந்த படகு வேகம் இழக்கும். அதை நிமிர்த்த வீரர் தன் கால்களைப் படகுக்குள் இருக்கும் பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் காற்று வரும் பக்கமாகத் தண்ணீருக்கு மேலே நீட்டிச் சாய்கிறார். படகின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி எவ்வளவு எடை இருக்கிறதோ, அவ்வளவு நிமிர்த்தும் விசை கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் எடை நடுக்கோட்டிலிருந்து சராசரியாக ஒரு மீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மார்பிலும் தோளிலும் 20 கிலோவைச் சுமந்தால், அந்த எடை இன்னும் தள்ளி, சுமார் 1.2 மீட்டரில் நிற்கும். நிமிர்த்தும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. உணவும் பயிற்சியும் பல மாதங்களில் தர முடியாததை ஒரு சட்டை ஒரே நாளில் தந்துவிடும்.

டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1948, 1952, 1956, 1960 என நான்கு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றவர். முதல் வெற்றி ஃபயர்ஃப்ளை படகில். அடுத்த மூன்றும் ஒருவர் மட்டுமே ஓட்டும் ஃபின் படகில். வீட்டிலேயே பலகை அமைத்து, வெளியே சாய்ந்து தொங்குவதை அவர் பயிற்சியாகச் செய்தார். அவருக்குப் பிறகு வந்த தலைமுறையில் தொடையும் வயிறும் முதுகும் பந்தயத்தின் ஆயுதங்களாயின. ஆனால் எல்லோராலும் 95 கிலோ எடைக்கு உடம்பை வளர்த்துவிட முடியாது. குறுக்குவழி உடையில் கிடைத்தது. பருத்தி, கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து தண்ணீரில் நனைத்துக்கொண்டார்கள். பின்னர் இதற்கென்றே தைக்கப்பட்ட, தண்ணீர் நிரப்பும் பைகள் கொண்ட மேலங்கிகள் வந்தன. காற்று வலுத்தால் நிரப்பலாம், தணிந்தால் கொட்டிவிடலாம். 20 கிலோ வரை சுமந்த காலமும் இருந்தது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. மெலிந்த வீரர், பருத்த வீரரோடு சமமாகப் போட்டியிட அது வழிவகுத்தது. அதற்கு விலையாகக் கொடுத்தது முதுகெலும்பு. அந்தரத்தில் நீட்டிக் கிடக்கும் முதுகின் மேல்முனையில் ஏற்றிய சுமை, ஒவ்வோர் அலைக்கும் இடுப்பை இழுக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களைப் பார்த்து அதையே செய்வார்கள். படகு கவிழ்ந்தால் அந்தச் சுமையோடுதான் நீந்தி ஏற வேண்டும்.

1907இல் உருவான சர்வதேசப் படகுப் பந்தய ஒன்றியம், இன்றைய வேர்ல்டு செய்லிங், உடனே தடை போட்டுவிடவில்லை. படிப்படியாகத்தான் பிடியை இறுக்கியது. 1997இல் விதிநூல் எளிய நடையில் முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்டது. அதில் 43ஆம் விதி இரண்டு செய்திகளைச் சொன்னது. எடை கூட்டும் நோக்கத்தோடு எதையும் அணியவோ சுமக்கவோ கூடாது. நோக்கம் எதுவானாலும் உடையும் சாதனங்களும் சேர்ந்து 8 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்தந்தப் படகு வகுப்பின் விதிகள் அதைக் குறைக்கலாம், அல்லது 10 கிலோ வரை உயர்த்தலாம். முழங்காலுக்குக் கீழே அணிபவை இந்தக் கணக்கில் சேராது. 2021 விதிநூலில் இதே விதி 50ஆம் எண்ணுக்கு மாறியது.

எடை போடும் முறை தனிப் பின்னிணைப்பில் இருக்கிறது. என் பார்வையில் முழு விதிநூலிலும் மிகக் கூர்மையாகச் சிந்தித்து எழுதப்பட்ட பக்கங்களில் அது ஒன்று. கரைக்கு வந்த வீரரின் உடைகளைத் தண்ணீரில் முக்கி ஊறவைக்கிறார்கள். ஹேங்கரில் தொங்குவதுபோல ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் தண்ணீர் வடிய விடுகிறார்கள். பிறகு தராசு. வடிதுளை உள்ள பை காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் தங்கக்கூடிய பை என்றால் நிரம்பியிருக்க வேண்டும். பழைய தண்ணீர் மேலங்கிக்கு இந்த ஒரு வரியே முற்றுப்புள்ளி. வரம்பைத் தாண்டினால் உடைகளை மாற்றி அடுக்கி, மறுபடி நனைத்துப் பார்க்க இரண்டு வாய்ப்புகள் உண்டு. துணி மடிந்து கிடந்ததால் மட்டும் ஒருவர் தண்டனை பெறக் கூடாதல்லவா?

இங்கேதான் இழையின் குணம் பேசுகிறது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை ஏற்கும் என்பது நூற்பாலைக் கணக்கு. பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். நனைத்து எடை போடும் விதி வந்தபின் பருத்திச் சட்டைக்குப் பந்தயப் படகில் வேலை இல்லாமல் போனது. சத்திரப்பட்டியில் எது தகுதியோ, அதுவே இங்கே குறை.

ஆனால் மெலிந்த வீரரின் சிக்கல் அப்படியே நின்றது. அதற்குத் தீர்வு, ஆளுக்கு ஏற்பப் பாயைச் சிறிதாக்கியதுதான். புரூஸ் கிர்பி வடிவமைத்த லேசர் படகில் உடற்பகுதியை மாற்றாமல் பாயும் அடிக்கம்பமும் மாறும்: 7.06 சதுர மீட்டர், 5.76, 4.7. இன்று இவை முறையே ஐ.எல்.சி.ஏ. 7, 6, 4. உடையில் சுமையை ஏற்றுவதைவிடப் பாயில் பரப்பைக் குறைத்தது நேர்மையான வழி; இந்தியர்களுக்கு அதனால் கிடைத்த பலன் கண்கூடு. சென்னையின் நேத்ரா குமணன் 5.76 சதுர மீட்டர் பாய் கொண்ட படகில்தான் 2021இல் ஓமனின் முசன்னாவில் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2024 பாரிஸில் 21ஆம் இடம். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பெரிய பாயோடு 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். அதே போட்டியில், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தின் நேஹா தாக்கூர், போபால் ஏரியில் பயின்று, 4.7 பாயில் வெள்ளி வென்றார்.

போபாலால் முடிந்தது, ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய, கண்மாய்களும் நீர்த்தேக்கங்களும் உள்ள விருதுநகர் மாவட்டத்தாலும் முடியும். சென்னை வெயிலில் மெல்லிய சட்டையோடு பயிலும் பிள்ளைகளுக்கு 8 கிலோ வரம்பு தூரத்துச் செய்தியாகவே இருக்கும். ஐரோப்பியக் குளிரில் தடித்த உடையும் அதற்குமேல் உயிர்காப்பு அங்கியும் அணியும்போதுதான் அது அருகே வரும். வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் புறப்படும் முன்பே, பயிற்சி முகாமில் ஒரு தொட்டியும் தொங்கவிடும் சட்டமும் தராசும் வைத்து, அணியப்போகும் முழு உடையையும் ஒருமுறை நனைத்து நிறுத்துப் பார்த்துவிட வேண்டும்.