தபாலில் போன சோதனை

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் வேதியியல் 1864-லேயே கைக்கு வந்துவிட்டது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இசாக் வான் டேன் என்ற உடலியங்கியல் பேராசிரியர், கரீபியத் தீவுகளின் குவாயாகம் மரப்பிசின் ரத்தம் பட்டால் நீலமாகும் என்பதைப் பயன்படுத்தினார். (அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் இதே மரத்தைக் கஷாயமாக்கி மேகநோய்க்குக் குடித்தார்கள். நோய் தீர்ந்ததோ இல்லையோ, மர வியாபாரம் செழித்தது.) 1901-இல் பெர்லின் மருத்துவர் இஸ்மார் போவாஸ், கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவு இரைப்பை, குடல் புற்றுநோயின் தடயமாகலாம் என்று எழுதினார். வினைப்பொருளும் இருந்தது, கருத்தும் இருந்தது. ஆனாலும் நோய்க்குறி இல்லாதவர்களிடையே பெருங்குடல் புற்றுநோயைத் தேடும் வேலை அரை நூற்றாண்டுக்கு மேல் தொடங்கவில்லை. தடையாக நின்றது அருவருப்பு என்றே நினைக்கிறேன். டப்பாவில் மலத்தை எடுத்துக்கொண்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாத மனிதர் ஆய்வகத்துக்குப் போவாரா?

அந்தத் தடையை உடைத்தவர் அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த டேவிட் கிரீகர். பிசின் ஊறிய தாளை அட்டைக்குள் வைத்து, வீட்டிலேயே சிறிது பூசிக் கொண்டுவரச் சொன்ன அவரது முறை 1967-இல் வெளிவந்தது. இந்த அட்டையைப் பெருந்திரளிடம் கொண்டுபோனது மின்னசோட்டா பல்கலைக்கழகம். 1975-இல் தொடங்கிய ஆய்வில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 46,551 பேர் சேர்ந்தார்கள்; சோதனைக் குழுக்களில் இருந்தவர்கள் அட்டைகளைத் தபாலில் அனுப்பினார்கள். 1993-இல் முடிவு வந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள், சோதனை இல்லாத குழுவில் ஆயிரத்துக்கு 8.83 பேர், ஆண்டுதோறும் சோதித்த குழுவில் 5.88 பேர். மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அட்டை வெறும் சாக்கு, காப்பாற்றியது நேர்மறை முடிவுக்குப் பின் செய்த கொலோனோஸ்கோபிதான் (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) என்றொரு மறுப்பு உடனே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. உலர்ந்த அட்டையில் நீர் சொட்டிச் சோதித்ததால் நேர்மறை முடிவுகள் மூன்று நான்கு மடங்கு கூடின. ஆண்டுதோறும் சோதித்தவர்களில் 38 சதவீதம் பேர் எப்போதாவது கொலோனோஸ்கோபிக்குப் போனார்கள். குருட்டாம்போக்கில் அத்தனை பேரை உள்ளே பார்த்தாலும் சில கட்டிகள் சிக்கத்தான் செய்யும். ஆனால் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலும் டென்மார்க்கின் ஃபியூன் தீவிலும் அட்டையை நனைக்காமல், இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்த ஆய்வுகள் 1996-இல் வந்தன. கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்கள் மிகச் சிலரே. இறப்போ முறையே 15, 18 சதவீதம் குறைந்தது. ஆதாயம் சிறுத்தது, மறையவில்லை.

பிறகு ஜப்பானியர் 1980-களில் வளர்த்த நோயெதிர்ப்புச் சோதனை வந்தது. அது மலத்தில் மனித ஹீமோகுளோபினை மட்டும் தேடுவதால், அட்டைச் சோதனைக்கு முன்போல இறைச்சியை விலக்க வேண்டியதில்லை. மூன்று நாள் மாதிரியும் வேண்டாம், ஒன்றே போதும். இங்கிலாந்தில் அதை முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தபோது பங்கேற்பு சுமார் 59 சதவீதத்திலிருந்து 66-க்கு ஏறியது. அருவருப்பு குறையக் குறைய ஆட்கள் கூடுகிறார்கள்.

அப்படியானால் மலத்தைத் தொடவே வேண்டாத ரத்தச் சோதனைதானே சிறந்தது என்று கேட்கலாம். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அத்தகைய சோதனை ஒன்று, புற்றுநோயில் 83 சதவீதத்தைப் பிடிக்கிறது. புற்றாக மாறக்கூடிய முதிர்ந்த கட்டிகளில் அது பிடிப்பது 13 சதவீதம்தான். வெட்டி எறிந்தால் நோயே வராமல் தடுக்கக்கூடியவை அந்தக் கட்டிகள்.