தம்மைப் புடிச்சு ஓது: உம்மு குல்தூமின் குரற்பாடம்

சின்ன வயசில் ஓதப் போன இடத்தில் லெப்பை சொல்வார்: "தொண்டையக் கிழிக்காத மனே, தம்மைப் புடிச்சு ஓது." அது ஓதலுக்கு மட்டுமான பாடம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமின் வரலாற்றைப் படித்தபோதுதான் அதன் விரிவு விளங்கியது.

நைல் கழிமுகக் கிராமமொன்றின் பள்ளிவாசல் இமாமுடைய மகள் அவர். குத்தாபில் குர்ஆன் ஓதிப் பழகியவர். ஆண்பிள்ளை உடுப்பில் தகப்பனோடு கலியாண வீடுகளில் பாடினார். அங்கே ஒலிபெருக்கி ஏது? குரலைத் தூரம் கொண்டுபோனது கத்தலல்ல. மூச்சின் அளவும் எழுத்தின் இடமுந்தான்.

அந்த இடங்களை இமாம் இப்னுல் ஜஸரி (மறைவு 1429) 17 ஆக வகுத்தார். மத்து எழுத்துகளுக்கு வாயும் தொண்டையும் சேர்ந்த வெற்றிடமான ஜவ்ஃப்; குன்னாவுக்கு மூக்கின் உட்புறமான கைஷூம். பௌதிகத்தில் 'பரிவு' என்று படித்தோமே, அது நிகழ்வதும் இந்த அறைகளில்தான். அறை திறந்திருந்தால் சிறு மூச்சிலும் ஓசை நிறையும். தொண்டையை இறுக்கினால் குரல்நாண்தான் நோகும்.

1967இல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடியபோது உம்மு குல்தூம் 60 வயதைத் தாண்டியிருந்தார். மைக்கைப் பிடித்துக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும் நம் பைத் பிள்ளைகளைக் கேட்கும்போதெல்லாம், அந்த லெப்பையின் சொல்லை யார் எடுத்துச் சொல்வது என்றே மனம் அடித்துக்கொள்கிறது.