வேலியால வந்த மரவள்ளி

ஒடியற்கூழுக்குள்ள என்னென்ன போடுவினம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. ஒடியல் மா, மீன், நண்டு, றால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, செத்தல்மிளகாய், பழப்புளி. யாழ்ப்பாணத்தின் பாரம்பரிய உணவு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் இந்தக் கூழில் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாயின் கதை கொஞ்சப் பேருக்காவது தெரியும். மரவள்ளியின் கதையை ஆரும் பெரிசாகக் கேட்கிறதில்லை. ஆனால் இந்த நாட்டில் எப்ப எப்ப பசி வந்தது, அப்ப ஆர் ஆர் தப்பினார்கள் என்பதை அந்தக் கிழங்கை வைத்தே சொல்லிவிடலாம்.

மரவள்ளியின் சொந்த இடம் தென் அமெரிக்கா. அமேசன் பகுதியின் பழங்குடி மக்கள் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை பிரேசிலிலிருந்து ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே, மொரீசியஸ் தீவில் அடிமைகளின் சாப்பாட்டுக்காக அதை நடச்செய்தார். அந்த மொரீசியஸிலிருந்துதான் 1786இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டி கிராஃபின் காலத்தில் மரவள்ளி இலங்கைக்கு வந்தது. கறுவாவிலேயே கண்ணாக இருந்த ஒல்லாந்தக் கம்பனிக்கு அரிசி எப்பவும் ஒரு தலையிடி. வெளியிலிருந்து அரிசி இறக்கிச் சமாளித்த ஆட்சிக்கு, வறண்ட மண்ணிலும் தடியை நட்டால் வளரும் ஒரு கிழங்கு எவ்வளவு வசதி என்று விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

சனம் இந்தப் புதினமான செடிக்கு என்ன பெயர் வைத்தது என்று பாருங்கள். சிங்களத்தில் அது ‘மஞ்ஞொக்கா’. பிரேசில் பழங்குடிகளின் ‘மண்டியோக்கா’ என்ற சொல் கடல் கடந்து வந்து அப்படியே தங்கிவிட்டது. தமிழில் எங்கட ஆட்கள் வேறு வழி பிடித்தார்கள். கொடியில் விளையும் வள்ளிக்கிழங்கு ஏற்கனவே எங்களிடம் இருந்தது. இது கொடியில்லாமல் மரம் மாதிரி நிமிர்ந்து நிற்குது. அப்ப ‘மரவள்ளி’. வந்த செடியைத் தெரிந்த சொந்தத்தோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் தமிழாக இருப்பதாலேயே அது வெளியிலிருந்து வந்தது என்பதும் மறந்துபோச்சு.

ஆனால் தடி மட்டும் வந்தால் போதாது. மரவள்ளிக்குள் லினமரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போது, அரைக்கும்போது அது உடைந்து ஐதரசன் சயனைட்டு வெளிவரும். கசப்பு வகைகளில் இது மிகக் கூட. அமேசன் மக்கள் கிழங்கைத் துருவி, ஓலையால் பின்னிய நீளப் பையில் போட்டுப் பிழிந்து, பிறகு வறுத்துத்தான் சாப்பிட்டார்கள். செடியை ஊர் ஊராகக் கொண்டுபோன கப்பல்கள் இந்த அறிவை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகவில்லை. 1981இல் மொசாம்பிக்கில் கடும் வரட்சி வந்தபோது, ஊறவைத்துக் காயவைக்கப் பொறுமையில்லாமல் பசியில் சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போயின. கூட ஆட்கள் பெண்களும் பிள்ளைகளும். இந்த நோய்க்கு கொன்சோ என்று பெயர்.

எங்கட குசினிகளில் வேறு விதிகள் இருக்கு. தோலை முழுக்க உரி. அவிக்கேக்க சட்டியை மூடாதை. அவிச்ச தண்ணியை ஊத்து. நீலம் ஓடின கிழங்கை எறி. மரவள்ளி சாப்பிட்ட அண்டைக்கு இஞ்சி தொடாதை. இஞ்சிக் கதையை நம்பிக்கை என்று விட்டாலும், மற்றதெல்லாம் சரியான வேதியியல். சயனைட்டு கூடுதலாக இருப்பது தோலில். அது ஏறக்குறைய 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அதனால்தான் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். இதை ஒரு தேசாதிபதியும் எழுதி அனுப்பவில்லை. வளவில் நட்டு, அவித்து, சில வேளை வருத்தப்பட்டுப் பெண்கள் கண்டுபிடித்து மகளுக்குச் சொன்னவை.

இனிப் பசிக்கு வருவம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா மரவள்ளியைப் பரப்பினார். 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கும் இலங்கைக்கும் அரிசி நின்றது. இரண்டு கரையிலும் சனம் கிழங்குக்குத் திரும்பியது. 1970களில் வெளிநாட்டுச் செலாவணி இல்லை, உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறியது, கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, பாணுக்கு வரிசை. திரும்பவும் மரவள்ளி. 1990க்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. யூரியாவும் மண்ணெண்ணெயும் தடைப்பட்ட காலத்தில், உரமும் இறைப்பும் அவ்வளவாகக் கேட்காத பயிருக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் எண்டு அந்தக் காலத்தைக் கண்ட ஆக்களைக் கேளுங்கோ.

கடைசியாக, எங்கட தலைமுறை கண்ட 2022. அதற்கு முதல் வருடம் இரசாயன உரத்தை ஒரே இரவில் போலத் தடைசெய்து வயல்களைக் கெடுத்த அரசாங்கம், 2022 யூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. ஒல்லாந்தக் காலத்திலிருந்து இதே கதைதான். மேலே இருப்பவர்கள் கணக்கில் பிழை விடும்போதெல்லாம் சனத்திடம் ஒரு தடியைக் கொடுத்து நடச் சொல்லுகிறார்கள்.

நடுகிறதுக்கு முதலில் ஒரு வளவு வேணும். இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர்களுக்கு நல்ல காலம். கல்வீடு கட்டினார்கள், லொறி வாங்கினார்கள். அதே வருடங்களில் மலையகத் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் திடீரென்று ஏறியது. சுற்றிவரப் பச்சையாக இருந்த நிலத்தில் ஒரு சாண்கூட லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தமில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த சின்னப் பாத்தியும் தோட்டத்தின் நிலம்தான். 2022இலும் வெள்ளிக்கிழமை லீவு அரச ஊழியருக்கு. நாட்சம்பளத்தில் கொழுந்து எடுப்பவருக்கும், கொழும்பில் மாடி வீட்டின் ஆறாவது தட்டில் இருப்பவருக்கும், காணி இன்னும் இராணுவத்திடம் உள்ள குடும்பத்துக்கும் அந்த அறிவிப்பில் என்ன இருந்தது? நான் வீட்டுத்தோட்டத்துக்கு எதிரி இல்லை. காணிப் பிரச்சினையைப் பேசாமல் வீட்டுத்தோட்டம் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, வெட்கம். விருந்தாட்கள் வந்தால் மரவள்ளி வைக்கமாட்டம். ‘அந்த நேரம் மரவள்ளி திண்டு கிடந்தனாங்கள்’ எண்டு சொல்லேக்க குரல் கொஞ்சம் இறங்கும். பாணுக்கு அந்தக் குறை இல்லை, அதுவும் இறக்குமதிக் கோதுமையின் கதைதான் எண்டாலும். இப்ப உல்லாசப் பயணிகளுக்கு மரவள்ளியும் கட்டைச்சம்பலும் கிராமத்து உணவு என்று நல்ல விலைக்குப் போகுது. வீட்டில் மறைத்த கிழங்கை ஹோட்டலில் கொண்டாடுகிறோம். நடுவில் அதைச் சமைத்து எங்களைக் காப்பாற்றிய ஆட்களைத்தான் காணவில்லை.

மரவள்ளிக்கு விதைக்கடை தேவைப்படவில்லை. கிழங்கைக் கிண்டினவுடன் தடியை வெட்டி அடுத்த வீட்டுக்கு வேலியால கொடுத்தால் போதும். அதனாலேயே ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் முடிகிற இடத்துக்குப் பிறகு இந்தப் பயிரின் வரலாறு எங்கேயும் ஒழுங்காக எழுதப்படவில்லை. இப்ப எங்கட வளவுகளில் ட்ராகன் பழமும் பாஷன் பழமும் ஏறுகின்றன. இவற்றை ஆர் எங்கிருந்து முதல் கொண்டுவந்தது என்பதுகூட இன்னும் இருபது வருடத்தில் மறந்துபோகும். வரலாறு படிக்கிற நாங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் வயசான ஒரு ஆளை இருத்தி, உங்கட மரவள்ளித் தடி எந்த வீட்டில இருந்து வந்தது, எந்த வருசம், அப்ப அரிசி என்ன விலை, காணி ஆற்றை எண்டு கேட்டு எழுதுங்கோ. லயத்தில் இருக்கிற நண்பர்கள் கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள்.